மனநலக் கேள்விகளை டேப்லெட்டில் கேட்கும் செவிலியர்களுக்கு

டேப்லெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். அதில் எழுத வேண்டியவை: இன்றைக்குப் பணியில் இருக்கும் மருத்துவ அலுவலர் யார், அவருடைய கைப்பேசி எண்; மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார்; நம் ஊரிலிருந்து அங்கே போக எந்த பஸ், எத்தனை மணிக்கு; தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் அரசு சேவையான டெலி மானஸின் எண் 14416; ஆம்புலன்ஸ் 108; ஆபத்து என்று தெரிந்தால் நோயாளிக்குத் துணையாக உட்காரப் போவது நம்மில் யார். கடைசி வரிக்கு எதிரே ஒரு பெயர் எழுதப்படும்வரை முதல் கேள்வியைக் கேட்காதீர்கள்.

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர். சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க ஒரு நாளைக்கு 60 பேராவது என் மேசைக்கு வருவார்கள். ஒருவருக்கு நான்கைந்து நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் மனநலக் கேள்விகளையும் கேட்க வேண்டும் என்று சொன்னபோது, நேரத்துக்கு எங்கே போவது என்றுதான் நானும் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி. ஆறு மாதமாக அவருடைய சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள் கண்டித்தோம், மாத்திரையைக் கூட்டினோம். கேள்விகளைக் கேட்ட அன்றுதான் தெரிந்தது, அவர் மனைவி தை மாதம் இறந்துபோயிருக்கிறார். அதன்பிறகு அவர் ஒருநாளும் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. வாங்கிப்போன பட்டைகள் அப்படியே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தன. ஆறு மாதமாக நாங்கள் வீணாக்கிய நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். நேரம் இல்லை என்ற பேச்சை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

2015-16இல் பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். இவர்கள் மனநல மருத்துவமனையைத் தேடிப் போவதில்லை. நம்மிடம்தான் வருகிறார்கள். உடம்பு அசதி, தலைபாரம், நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

எந்தக் கேள்வித்தாள்?

டேப்லெட்டில் வரும் பெரும்பாலான செயலிகளுக்குள் இருப்பது பி.எச்.க்யூ.-9 என்னும் மனச்சோர்வுக் கேள்வித்தாள். 2001இல் வெளிவந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. முதல் இரண்டு கேள்விகள் மட்டும் பி.எச்.க்யூ.-2: எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமை, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருத்தல். இந்த இரண்டையும் எல்லாரிடமும் கேளுங்கள். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மீதி ஏழையும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும்.

இந்த இரண்டையும் கூட்டி 2தான் வந்தது, ஆனாலும் உங்கள் மனதுக்கு நெருடுகிறது என்றால் ஒன்பதையும் கேட்டுவிடுங்கள். முகத்தைப் பார்ப்பது நீங்கள்தான். அந்த உரிமையை எந்தச் செயலிக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படபடப்பும் பயமும் முன்னே நின்றால் பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 கேள்வித்தாள். குடி என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட், பத்துக் கேள்வி, மொத்தம் 8இலிருந்து கவலைப்பட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மனச்சோர்வைப் பார்க்க எடின்பரோ அளவுகோல், 1987இல் உருவானது, கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள். பசியையும் அசதியையும் அது கேட்காது. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாய்க்குத்தான் அசதி இல்லை?

செயலியை நாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அரிது, மேலிடத்திலிருந்து வரும். ஆனாலும் வந்ததை முதல் நாளே சோதித்துவிடுங்கள். கற்பனை நோயாளி ஒருவரின் பெயரில் எல்லாப் பதில்களையும் போட்டுப் பாருங்கள். இணையம் இல்லாதபோது பதிவு தங்குகிறதா? பாதியில் அழைப்பு வந்தால் பதில்கள் அழிகின்றனவா? தமிழ்க் கேள்விகள் ஏற்கெனவே மொழிபெயர்த்துச் சரிபார்க்கப்பட்ட வடிவத்தில் இருக்கின்றனவா, அல்லது இயந்திரத்தில் போட்டு எடுத்தவையா? வாய்விட்டுப் படித்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்பதாவது கேள்விக்கு 1 போட்டால் திரை அந்த நொடியே எச்சரிக்கிறதா என்று பாருங்கள். முகத்தைப் படம் பிடித்தோ குரலைப் பதிவு செய்தோ மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் செயலிகளை உங்கள் மேசையில் வைக்காதீர்கள். ஒன்பது கேள்விகள் இத்தனை ஆண்டுகளாக உலகெங்கும் உரசிப் பார்க்கப்பட்டவை. மற்றவற்றை நம்ப அப்படி ஒரு காரணம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

டேப்லெட்டை யார் பிடிப்பது?

நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தால் நேரம் மிஞ்சும் என்பார்கள். கல்லூரி மாணவர்களிடம் இது பலிக்கும். சிலருக்குச் செவிலியரின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வதுதான் எளிது. எங்கள் ஊர்க்காரர்களில் பலருக்கு எழுத்து தடை, கண்ணாடி வீட்டில், விரல் காய்ப்பு ஏறித் திரையில் பதியாது. வெட்கத்தால் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுத் திருப்பித் தருவார்கள். நான் படிக்கிறேன், அவர்கள் சொல்கிறார்கள், நான் தொடுகிறேன். திரை எங்கள் இருவருக்கும் தெரியும்படி மேசையில் படுத்திருக்கும். நான் மட்டும் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ரேஷன் கடையில் நிற்கும் நினைப்பு வந்துவிடுகிறது.

கைப்பேசிக்கு இணைப்பை அனுப்பி வீட்டிலேயே நிரப்பச் சொல்லும் முறையை நான் ஒத்துக்கொள்வதில்லை. பதிவேட்டில் இருக்கும் எண் பெரும்பாலும் கணவனுடையது, இல்லையென்றால் மகனுடையது. யார் நிரப்பினார்கள், யார் படித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

இடம் முக்கியம். வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழும்படி இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூடாது. எங்களுக்குத் தனி அறை இல்லை. தடுப்பூசி மருந்து வைக்கும் அறையில், குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். கூட வந்தவர்கள் உள்ளே வரப் பார்ப்பார்கள். "இங்கே எல்லாரையும் தனித்தனியாகத்தான் பார்ப்போம், அண்ணா, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அனைவரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். சிலரிடம் மட்டும் சொன்னால் ஊருக்குள் சந்தேகம் கிளம்பும். ஒருமுறை நான் இளகிப்போய் ஒரு கணவரை உட்கார விட்டேன். ஒன்பது கேள்விக்கும் அவரே "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்றார். அந்தப் பெண் தாலிக்கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த முறை கிடைத்த பூஜ்யத்தை நான் பதிவு செய்யவில்லை; பத்து நாள் கழித்து அவரைத் தனியாக வரவழைத்துக் கேட்டேன், 16 வந்தது.

பதினான்கு புளியங்கொட்டைகள்

கேள்வியை முதலில் திரையில் உள்ளபடியே படியுங்கள். நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கேட்டால் வரும் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லாமல் போகும். புரியவில்லை என்று தெரிந்த பிறகு விளக்கம் சொல்லலாம்.

தடுமாற்றம் கேள்வியைவிடப் பதிலில்தான் அதிகம். "ஒருபோதும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும்" என்று நான்கு வழிகளைப் படித்தால், வந்தவர்கள் "இருக்கும் இருக்கும்" என்பார்கள். எதற்கு இருக்கும்? நான் ஒரு சின்ன டப்பாவில் பதினான்கு புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குப் பதினான்கு நாள். "அமாவாசைக்கு மறுநாளிலிருந்து இன்றுவரை" என்று ஏதாவது ஒரு நாளை நங்கூரமாகச் சொல்லிவிட்டு, கொட்டைகளை வரிசையாகப் பரப்புவேன். தூக்கம் கெட்ட நாட்களைத் தள்ளி வையுங்கள் அம்மா என்பேன். ஒன்றுமில்லை அல்லது ஒன்று தள்ளினால் 0. இரண்டு முதல் ஆறு வரை 1. ஏழு முதல் பதினொன்று வரை 2. பன்னிரண்டு முதல் பதினான்கு வரை 3. வாயால் "தினமும்தான்" என்று சொன்னவர் ஐந்து கொட்டையோடு நிறுத்துவதையும், "பரவாயில்லை" என்றவர் பதினான்கையும் ஒரே கையால் வழித்துத் தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன்.

"எதிலும் ஆர்வம் இல்லாமை" என்ற முதல் கேள்வி வயதானவர்களிடம் வழுக்கிவிடும். எழுபது வயதில் எனக்கு என்ன ஆர்வம் என்று ஒரு பாட்டி என்னையே திருப்பிக் கேட்டார். முன்பெல்லாம் மனதுக்குப் பிடித்துச் செய்த வேலை எது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோலம் என்றார். மார்கழியில் இருபத்தொரு புள்ளி வைப்பாராம், தெருவே வந்து நின்று பார்க்குமாம். இப்போது? "தண்ணீர் தெளிப்பதோடு சரி." அவர் விரல் மேசையில் ஒரு புள்ளி வைத்து, இழுக்காமல் நின்றது. அந்தக் கேள்விக்கு 3 போட்டேன்.

தூக்கம், பசி, சுறுசுறுப்பு ஆகிய மூன்று கேள்விகளிலும் இரண்டு எதிர்ப்பக்கங்கள் ஒட்டியிருக்கும்: தூக்கம் வராமை அல்லது அதிகத் தூக்கம் என்பதுபோல. கேட்பவர் காதில் கடைசிப் பாதி மட்டுமே நிற்கும். முழுக் கேள்வியையும் படித்த பிறகு இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். எது இருந்தாலும் கணக்கில் சேரும். ஆறாவது கேள்வியில், தன்னைத் தோற்றுப்போனவராக நினைப்பது என்ற சொல்லுக்கு அசையாதவர்கள், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டதாக நினைக்கிறீர்களா என்று விளக்கினால் உடனே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒன்பதாவது கேள்வி

செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது ஒன்பதாவது. இதை மட்டும் யாரும் தானாக நிரப்ப விடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அங்கே இருந்த செயலியில் சிவப்பு எச்சரிக்கை உடனே வராது. நாள் முடிவில் பட்டியலில் வரும். கூட்டமான ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பது வயதுப் பெண் ஒருவரிடம் டேப்லெட்டைக் கொடுத்து, படிக்கத் தெரியும்தானே, நிரப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஊசி போடப் போய்விட்டேன். அவர் நிரப்பிவிட்டு மேசையில் வைத்துப் போயிருந்தார். மாலை நாலேகாலுக்குப் பட்டியலைத் திறந்தால் மொத்தம் 19, ஒன்பதாவதுக்கு 3. கொடுத்திருந்த எண் அணைக்கப்பட்டிருந்தது. கிராம சுகாதாரச் செவிலியரை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் ஆறு கிலோமீட்டர் போனேன். வழி முழுக்க என் கை நடுங்கியது. அவர் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கேட்டிருந்தீர்களே என்று உள்ளதைப் போட்டேன் சிஸ்டர். யாராவது கூப்பிடுவீர்கள் என்று வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒன்பதாவது கேள்வியை என் வாயால்தான் கேட்கிறேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டு. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டபின் பெருமூச்சு விட்டவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

0 தவிர எந்தப் பதில் வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். மொத்தம் 6 ஆக இருந்தாலும் இது தனிக் கணக்கு. அடுத்து இந்த வரிசையில் கேளுங்கள்: எண்ணம் மட்டும்தானா, எப்படி என்றும் யோசித்திருக்கிறீர்களா? அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா? முன்பு எப்போதாவது முயன்றதுண்டா? இதுவரை உங்களைப் பிடித்து நிறுத்தியது எது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எழுதி வையுங்கள். பிள்ளை, ஆடு, தம்பி கல்யாணம் என்று எதுவாகவும் இருக்கலாம். பின்னால் பேசும்போது கைகொடுக்கும்.

வழியும் யோசித்திருக்கிறார் அல்லது முன்பு முயன்றிருக்கிறார் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது, கழிப்பறைக்குக்கூட. தாளில் எழுதிய அந்தப் பெயருக்கு உரியவர் பக்கத்தில் உட்காரட்டும். மருத்துவ அலுவலரை அப்போதே கூப்பிடுங்கள், தேவையென்றால் 108. நோயாளியின் சம்மதத்தோடு, அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் வயல் மருந்து கட்டிலுக்கு அடியில் இருக்கும். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில், சம்மதம் கிடைக்கவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. அதை மருத்துவ அலுவலரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

முன்பு முயன்றவர்கள் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை எளிய சொற்களில் எடுத்துச் சொல்லுங்கள்.

மதிப்பெண் வந்த பிறகு

5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் சற்றுக் கடுமை, 20 முதல் கடுமை என்று செயலி நிறம் காட்டும். அதைப் பார்த்து "உங்களுக்கு டிப்ரஷன்" என்று சொல்லிவிடாதீர்கள். 10ஐ எல்லையாக வைத்தால், 2001ஆம் ஆண்டின் ஆய்வுப்படி, மனச்சோர்வு நோய் உள்ள 100 பேரில் 88 பேரை இது பிடிக்கும். இல்லாத 100 பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிடும். நல்ல கருவிதான். ஆனால் நம் வரிசையில் வைத்துக் கணக்குப் போடுங்கள். 100 பேரில் 10 பேருக்கு நோய் என்று கொள்வோம். அவர்களில் 9 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 90 பேரில் 11 பேரும் சிக்குவார்கள். இப்படிச் சிக்கிய 20 பேரில் பாதிக்கு மேல் நோய் இல்லாதவர்கள். ஆகவே அந்த எல்லையைத் தொட்ட மதிப்பெண்ணுக்கு "மருத்துவர் உங்களோடு பேச வேண்டும்" என்பது மட்டுமே பொருள்.

மருத்துவருக்கு அனுப்பும்போது எண்ணோடு நாலு வரி சேர்த்து அனுப்புங்கள். சமீபத்தில் துக்கம் உண்டா? வீட்டில் அடி உதை உண்டா? குடி உண்டா? இரத்தசோகை, தைராய்டு பார்த்தாயிற்றா? இரண்டுமே அசதியாகவும் சோர்வாகவும் வேடம் போடும். என்ன மருந்துகள் போடுகிறார்? முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அளவுகடந்த உற்சாகத்தோடு திரிந்ததுண்டா? இந்தக் கடைசித் தகவல் இல்லாமல் மனச்சோர்வு மருந்து தொடங்கினால் சிலருக்கு அது மறுகோடிக்குத் தள்ளிவிடும். ஒன்பது கேள்விக்குப் பிறகு மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி இருக்கும்: இவற்றால் வேலை செய்வதும் வீட்டைக் கவனிப்பதும் எவ்வளவு கடினமாகிறது என்பது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மொத்த எண்ணைவிட அதுதான் அதிகம் சொல்லும்.

செயலியில் பதிவானது அந்த நோயாளியின் சொத்து. திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன், உதவும் எண்ணத்தோடுதான். அந்தக் குழுவில் அதே ஊர்க்காரர்கள் இருப்பார்கள். 2017 சட்டம் இந்தத் தகவலை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. டேப்லெட்டுக்குக் கடவுச்சொல் போடுங்கள். அதை எழுதி டேப்லெட்டின் முதுகில் ஒட்டாதீர்கள்.

வராமல் போனவர்களை அழைக்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுவீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரிடம் சொல்லலாம். "சிஸ்டர் வியாழக்கிழமை வரச்சொன்னார்" என்பது போதும், காரணம் வேண்டாம். நான்கு வாரத்தில் திரும்பக் கேளுங்கள். 5 புள்ளி இறங்கியிருந்தால் முன்னேற்றம் உண்மை; பாதியாகக் குறைந்தால் சிகிச்சை பிடித்திருக்கிறது; 5க்குக் கீழே போக வேண்டும் என்பது இலக்கு. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால், பத்தாம் நாள் நிறுத்திவிட்டு வருவார்கள். தேறிய பிறகும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

நாலு மணிக்கு டேப்லெட்டை அணைப்பதற்கு முன் அன்றைய பட்டியலைத் திறந்து, ஒன்பதாவது கேள்வியில் 0 தவிர வேறு எண் உள்ள ஒவ்வொருவருக்கும் எதிரே என்ன செய்தோம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றாக இருந்தால் அப்போதே அழையுங்கள். அதன்பிறகு நான் வெளியே போய், புறநோயாளிப் பிரிவுக்கு எதிரே கிடக்கும் பெஞ்சை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அறையைப் பூட்டுகிறேன்.